திகில் ட்ரெய்லர் பயமுறுத்தவில்லையா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கலாம்

நீங்களும் நண்பர்களும் சேர்ந்து ஒரு திகில் ட்ரெய்லர் எடுத்து, ராத்திரி பகலாக எடிட் பண்ணி, முதல் கட் தயாராகிவிட்டது. போட்டுப் பார்க்கிறீர்கள். ஏதோ இடிக்கிறது, ஆனால் என்னவென்று சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டத்தில் முக்கால்வாசிக் குழுக்கள் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன: பின்னணி இசையின் சத்தத்தைக் கூட்டுகின்றன. அது வேலைக்கு ஆகாது.

மாணவர்கள் எடுத்த ட்ரெய்லர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து நான் கண்டுகொண்டது ஒன்று உண்டு. பயம் வராமல் போன இடத்திலேயே பிழை இருப்பது அபூர்வம், அது அதற்கு ஐந்து பத்து நொடி முன்னால் எங்கேயோ கிடக்கும். பேயின் மேக்கப் சொதப்பிவிட்டது என்று மேக்கப் போட்டவரைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். போய்ப் பார்த்தால், அந்த அறையில் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையே முந்தைய ஷாட்களில் காட்டியிருக்க மாட்டார்கள். அதனால் கீழே எந்த அறிகுறி உங்களுக்குப் பொருந்தினாலும், டைம்லைனில் அந்த இடத்திலிருந்து கொஞ்சம் பின்னால் நகர்ந்து தேடுங்கள்.

தேடுவதற்கு முன் மூன்று தடவை பாருங்கள். முதல் தடவை நிறுத்தாமல் முழுசாக. இரண்டாவது தடவை ஒலியை அணைத்துவிட்டு. மூன்றாவது தடவை திரையைத் திருப்பி வைத்துக்கொண்டு காதால் மட்டும். ஒலி இல்லாமல் பார்க்கும்போது சப்பென்று ஆகிவிட்டால் காட்சிகளைச் சுமப்பது இசை மட்டும்தான் என்று அர்த்தம். காதால் மட்டும் கேட்கும்போது எந்த இடத்திலும் நிமிர்ந்து உட்காரத் தோன்றவில்லை என்றால் கோளாறு ஒலியில். ஒவ்வொரு தடவையும் நிமிடம், நொடி போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ‘நடுவுல கொஞ்சம் போர்’ என்று எழுதி வைத்தால் மறுநாள் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

பயப்பட வேண்டிய இடத்தில் சிரிக்கிறார்கள்

மாணவர் ட்ரெய்லர்களுக்கு வருகிற நோய்களில் முதலிடம் இதற்குத்தான். வருத்தப்பட வேண்டாம், பெரும்பாலும் இது எடிட்டிலேயே சரியாகிவிடும்.

முதல் சந்தேகம்: பேயை எத்தனை நேரம் காட்டுகிறீர்கள்? ஒரு குழுவின் ட்ரெய்லரில் ஒரு பெண் டார்ச்சோடு நீளமான நடைபாதையில் போகிறாள், 0:38-இல் திரும்புகிறாள், எதிரே வெள்ளைப் பூச்சு முகத்தோடு ஒரு உருவம். அந்த ஷாட் முழுசாக மூன்று நொடி. நொடிக்கு 24 ஃப்ரேம் கணக்கில் 72 ஃப்ரேம். முதல் அரை நொடி நிஜமாகவே திக்கென்றிருந்தது. ஒரு நொடி தாண்டியதும் கழுத்தில் பூச்சு எங்கே முடிகிறது என்று கண் தேட ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது நொடியில் பேய் தெரியவில்லை, ஆடாமல் நிற்கப் பாடுபடும் ஒரு நண்பர்தான் தெரிந்தார். பார்த்தவர்கள் சிரித்தது அவரைப் பார்த்துத்தான்.

அந்த ஷாட்டை 10 ஃப்ரேமுக்கு வெட்டினோம். அரை நொடிகூட இல்லை. மிச்சமான நேரத்தை அந்தப் பெண்ணின் முகத்துக்குக் கொடுத்தோம்: அவள் உருவத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு நொடி, பார்த்த பிறகு ஒன்றரை நொடி. மேக்கப்பைத் தொடவே இல்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

இது ஏன் வேலை செய்கிறது என்பதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன் ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ், உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை சூப் கிண்ணத்தோடும் சவப்பெட்டியோடும் மாற்றி மாற்றி ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் ஒரு தடவை அந்த முகத்தில் பசி தெரிகிறது என்றார்கள், இன்னொரு தடவை துக்கம் தெரிகிறது என்றார்கள். அர்த்தம் ஷாட்டுக்குள் இல்லை, இரண்டு ஷாட் சேரும் இடத்தில் பிறக்கிறது. உங்கள் நடிகருக்குப் பயப்பட அவ்வளவாக வரவில்லை என்றாலும் இதை வைத்துத் தப்பித்துக்கொள்ளலாம். கத்தச் சொல்லாதீர்கள். பயிற்சி இல்லாதவர் கத்தினால் அது முக்கால்வாசி நேரம் காமெடிதான். மூச்சை நிறுத்தி ஒரே இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், போதும். அடுத்த ஷாட் பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது சந்தேகம் வெளிச்சம். பேயின் முகத்தில் நேராக, சமமாக விளக்கு விழுந்தால் எப்பேர்ப்பட்ட மேக்கப்பும் நாடக மேடை மாதிரிதான் இருக்கும். திரும்ப எடுக்க வழி இருந்தால் பக்கவாட்டில் ஒரே ஒரு விளக்கு வைத்துப் பாதி முகத்தை இருட்டில் விடுங்கள். வழி இல்லை என்றால், பேய் ஃபோகஸ் இல்லாமல் பின்னணியில் நிற்கும் டேக் ஏதாவது இருக்கிறதா என்று ரஷ்ஷில் (வெட்டாத மூலப் பதிவுகளில்) தேடுங்கள். வேண்டாம் என்று ஒதுக்கிய டேக்குகளில்தான் இந்த மாதிரிப் புதையல் கிடைக்கும்.

யாருமே அதிரவில்லை, வரப்போவது முன்பே தெரிந்துவிட்டது

ஜம்ப் ஸ்கேர் (திடீரென்று தூக்கிவாரிப்போடச் செய்யும் இடம்) வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது இசை டிராக்கை. அநேகமாக எல்லாருமே இணையத்தில் இறக்கிய ஒரு ‘ரைசர்’ ஒலியைப் போட்டிருப்பார்கள். 0:50-இல் கிளம்பி, ஏறி ஏறி, 0:56-இல் டமார். இந்த ஏற்றம் ஒரு கவுண்ட்டவுன் மாதிரி. பார்ப்பவர் 0:53-லேயே தோளை இறுக்கிக்கொண்டு தயாராகிவிடுகிறார். அப்புறம் எங்கே அதிர்வது?

செய்து பாருங்கள்: ரைசரை 0:54-இல் பட்டென்று வெட்டுங்கள். மெதுவாகக் குறைக்க வேண்டாம், வெட்டுங்கள். அதற்குப் பின் மூன்று நொடிக்கு அந்த அறையின் சும்மா ஒலியும் ஒரு மூச்சும் மட்டும். பார்ப்பவர் எதிர்பார்க்கிற 0:56-இல் ஒன்றும் வரக்கூடாது. தோள் தளரட்டும். 0:57-இல் அடியுங்கள். சத்தத்தை ஒரு டெசிபல்கூடக் கூட்டாமலே பெரிதாகக் கேட்கும், ஏனென்றால் காது அளப்பது முந்தைய நொடிக்கும் இந்த நொடிக்கும் உள்ள வித்தியாசத்தை. இதனால்தான் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை உச்சத்தில் அலறுகிற ட்ரெய்லரில் எதுவுமே சத்தமாகப் படுவதில்லை. யூடியூப் போன்ற தளங்கள் அதிகச் சத்தத்தோடு ஏற்றிய ஒலியைத் தாமாகவே குறைத்துவிடும் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அடியும் பேயிடமிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. 1942-இல் வந்த ‘கேட் பீப்பிள்’ படத்தில் ஒரு பெண் இரவில் தனியாக நடக்கிறாள், பின்னால் யாரோ வருகிற மாதிரி இருக்கிறது, காலடிச் சத்தம் நின்றுபோகிறது, நாம் எதையோ எதிர்பார்த்து உறைந்திருக்கும்போது சீறிக்கொண்டு காட்சிச் சட்டத்துக்குள் பாய்வது ஒரு பேருந்து. அவ்வளவுதான், வெறும் பேருந்தின் பிரேக். தயாரிப்பாளர் வால் லூட்டனின் பெயரால் இந்த உத்தியை ‘லூட்டன் பஸ்’ என்றே சொல்கிறார்கள். மேக்கப் பட்ஜெட் இல்லாத குழுவுக்கு இதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது? ஜன்னல் படாரென்று சாத்துவது, போன் அதிர்வது, நண்பர் தோளில் கை வைப்பது, எல்லாமே இலவசம்.

ஆனால் எண்ணிக்கையில் கவனம். ஒன்றரை நிமிட ட்ரெய்லரில் ஏழு ஜம்ப் ஸ்கேர் வைத்திருந்தார்கள் ஒரு குழுவினர். மூன்றாவதிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பழகிவிட்டது. இரண்டை வைத்துக்கொண்டு மற்றதை எடுக்கச் சொன்னபோது சண்டைக்கு வந்தார்கள். புரிகிறது, ஒவ்வொன்றுக்கும் அரை நாள் போயிருக்கும். ஆனாலும் எடுக்கத்தான் வேண்டும்.

ஒன்றுமே தெரியவில்லை, இருட்டில் புள்ளி புள்ளியாகக் கொதிக்கிறது

திகில் படம்தானே என்று விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு எடுத்திருப்பீர்கள். காமிரா என்ன செய்யும்? வெளிச்சம் போதாமல் ஐஎஸ்ஓவை (வெளிச்சத்துக்கான உணர்திறன் அளவை) 3200, 6400 என்று தானாக ஏற்றிக்கொள்ளும். போன் காமிராவின் சின்ன சென்சாரில் அது மணல் மணலாக நாய்ஸ் ஆகிவிடும். பிறகு எடிட்டில் பிரைட்னஸைக் கூட்டினால் அந்த மணலும் சேர்ந்துதான் பிரகாசமாகும்.

சரியான வழி இதற்கு நேர் எதிர். எடுக்கும்போது வெளிச்சம் கொடுத்து எடுங்கள், எடிட்டில் இருட்டாக்குங்கள். நடிகருக்குப் பின்னால், சட்டத்துக்கு வெளியே ஒரு சின்ன விளக்கு வைத்தால் தலைமுடியிலும் தோளிலும் மெல்லிய ஒளிக்கோடு விழும். சுவரிலிருந்து ஆள் பிரிந்து தெரிய அந்தக் கோடே போதும், மற்றதெல்லாம் கறுப்பாகவே இருக்கலாம். ஐஎஸ்ஓவை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டோவில் விடாதீர்கள்.

இரவில் வெளியே எடுக்க வசதி இல்லாதவர்கள் பகலில் எடுத்தே இரவாக்கலாம். ஒயிட் பேலன்ஸை (காமிராவின் நிறச் சமநிலை அமைப்பை) 3200 கெல்வினுக்கு இறக்கினால் பகல் வெளிச்சம் நீலமாகிவிடும். எக்ஸ்போஷரை ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). சூரியன் நடிகருக்குப் பின்னால் இருக்கட்டும், நிலா வெளிச்சம் மாதிரித் தெரியும். வானம் மட்டும் சட்டத்துக்குள் வரவே கூடாது, வந்தால் மொத்தக் குட்டும் உடைந்துவிடும்.

எல்லாம் எடுத்து முடித்தாயிற்று, மறுபடி எடுக்க முடியாது என்றால்? கறுப்பை இன்னும் அழுத்திக் கறுப்பாக்குங்கள். அரைகுறைச் சாம்பலில்தான் நாய்ஸ் கண்ணை உறுத்தும். ஏதாவது ஒரு வெளிச்சப் புள்ளி (டார்ச், ஜன்னல், போன் திரை) உள்ள ஷாட்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிசிடிவி காட்சி மாதிரி மாற்றிவிடலாமே என்ற யோசனை இந்த நேரத்தில் எல்லாருக்கும் வரும். கதைக்குள் ஒரு கண்காணிப்புக் காமிரா இருந்தால் செய்யுங்கள், இல்லையென்றால் அது ஒட்டுப்போட்ட மாதிரிப் பல்லிளிக்கும்.

விளக்கு வெளிச்சம் துடிக்கிறது, பட்டை பட்டையாக ஓடுகிறது

பேய் வேலை இல்லை, ஷட்டர் வேலை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120. ஏற்கெனவே எடுத்துவிட்டீர்களா? துடிப்பை வேண்டுமென்றே கூட்டி, விளக்கு கெட்டுப்போன மாதிரி ஒலியும் சேர்த்து, கதைக்குள் இழுத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். சில சமயம் முடியும்.

ஹெட்போனில் மிரட்டுகிறது, போனில் போட்டால் ஒன்றுமே இல்லை

அடிவயிற்றைக் கலக்குகிற அந்த ‘உம்ம்ம்’ ஒலி 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கும். போன் ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய எதுவும் வராது. உங்கள் ட்ரெய்லரைப் பார்க்கப்போகிறவர்களில் பாதிப் பேர் அதை அந்த ஸ்பீக்கரில்தான் கேட்கப்போகிறார்கள். ஆகவே அடிக்குரலோடு கூடவே உயரத்தில் ஒரு ஒலியையும் சேர்த்து வையுங்கள்: உலோகத்தில் கீறுவது, மரம் முனகுவது, நகத்தால் துணியைச் சுரண்டுவது. போன் மைக்கை ஒட்டி வைத்துப் பதிந்தால் இதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும், இறக்கிய ஒலியைவிடப் புதுசாகவும் இருக்கும். இறக்கிய அந்த ‘ஊளை’யை எல்லாரும் ஆயிரம் தடவை கேட்டாயிற்று.

வசனம் அமுங்கிப்போகிறது என்றால் இசையை வசனத்துக்குக் கீழே இறக்குங்கள். வசனத்தின் உச்சம் எடிட்டிங் மென்பொருளின் ஒலி மீட்டரில் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் இடையில் நிற்கட்டும், எதுவும் பூஜ்யத்தைத் தொடக்கூடாது. கட்டுக்குக் கட்டு பின்னணி இரைச்சல் மாறி ‘டப் டப்’ என்று கேட்கிறதா? படப்பிடிப்பு நடந்த இடத்திலேயே யாரும் பேசாமல் ஒரு 30 நொடி வெறும் அறையைப் பதிந்து, அதை எல்லா ஷாட்களுக்கும் அடியில் விரித்துவிடுங்கள். மேலே சொன்ன அந்த மூன்று நொடி மௌனத்துக்கும் இதுதான் வேண்டும். ஒலி டிராக்கை முழுசாகக் காலி பண்ணினால் மௌனம் மாதிரி இருக்காது, ஸ்பீக்கர் கெட்டுவிட்ட மாதிரி இருக்கும்.

ட்ரெய்லர் மாதிரி இல்லை, குறும்படம் மாதிரி இருக்கிறது

‘ட்ரெய்லர்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இழுபட்டு வருவது என்று பொருள். ஆரம்ப காலத்தில் படம் முடிந்த பிறகுதான் அதைப் போட்டார்கள், அப்புறம் முன்னால் வந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அன்றும் இன்றும் அதன் வேலை ஒன்றுதான்: இன்னொரு படத்துக்கு ஆளை வரவழைப்பது. கதை சொல்லி முடிப்பது அதன் வேலை இல்லை.

உங்கள் கட்டில் காட்சிகள் நடந்த வரிசையிலேயே வருகின்றனவா? பெண் வீட்டுக்கு வருகிறாள், சத்தம் கேட்கிறது, தேடுகிறாள், பேய் வருகிறது, இறக்கிறாள். கடைசியில் படத்தின் பெயர். முடிந்தது! இனி யார் டிக்கெட் வாங்குவார்கள்? முடிவைக் காட்டும் ஷாட் எதுவாக இருந்தாலும் தூக்கிவிடுங்கள். கஷ்டப்பட்டு எடுத்த உங்கள் ஆகச்சிறந்த ஷாட் அதுவாகத்தான் இருக்கும் என்பதும் எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு கேள்வியை மட்டும் எழுதுங்கள், ஒரே வரியில். ‘அந்தக் கதவுக்குப் பின்னால் யார்?’ ‘அவள் ஏன் அந்த அறைக்கு மட்டும் போக மறுக்கிறாள்?’ இந்தக் கேள்வியை எழுப்பாத, வளர்க்காத ஷாட் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது, பதில் சொல்லும் ஷாட்டும் இருக்கக்கூடாது. முதல் 20 நொடிக்குச் சாதாரண வாழ்க்கை போதும், ஆனால் அது வேண்டும். சாதாரணமே காட்டாமல் முதல் ஃப்ரேமிலேயே ரத்தத்தோடு ஆரம்பித்தால் எது கெட்டுப்போயிற்று என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நீளத்தைப் பொறுத்தவரை, அமெரிக்கத் திரையரங்க ட்ரெய்லர்களுக்கே இரண்டரை நிமிடம்தான் நெடுநாளாக வழக்கமான உச்சவரம்பு. மாணவர் படைப்புக்கு ஒன்றரை நிமிடம் தாராளம்.

எதிர்ப்பக்க நோயும் உண்டு: அரை நொடிக்கு ஒரு கட், ஓடும் கால், கண், கத்தி, கதவு, கண். கதையே புரியாது. இதற்கு மருந்து, ஒரு முகத்தை நான்கு நொடி விடாமல் காட்டுவது. ட்ரெய்லர் முழுக்க அப்படி ஒரே ஒரு இடம் இருந்தால்கூடப் பார்ப்பவருக்குப் பிடிமானம் கிடைத்துவிடும்.

எழுத்துகளைப் படிக்க முடியவில்லை

டைட்டில் கார்டை வாய்விட்டு இரண்டு தடவை படிக்கும் நேரம் அது திரையில் நிற்க வேண்டும். ரத்தம் சொட்டும் எழுத்துரு வேண்டாம், சத்தியமாக வேண்டாம். மெல்லிய, எளிய எழுத்து, கறுப்புப் பின்னணி, நிறைய வெற்றிடம். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று குழுவுக்கு வெளியே ஒருவரிடம் காட்டுங்கள், நீங்கள் ஐம்பது தடவை பார்த்ததால் உங்கள் கண்ணுக்கு அது தெரியாது.

எல்லாரும் ‘நல்லா இருக்கு’ என்கிறார்கள்

இதுவும் ஒரு அறிகுறிதான், ஆபத்தான அறிகுறி. நண்பர்களிடம் ‘எப்படி இருக்கு’ என்று கேட்டால் வேறென்ன சொல்வார்கள்?

கதை தெரியாத ஐந்தாறு பேரை, முடிந்தால் ஒவ்வொருவராக, உட்கார வையுங்கள். முன்னுரை எதுவும் வேண்டாம், ‘இன்னும் மியூசிக் முடியல’ என்ற சமாதானமும் வேண்டாம். திரையைப் பார்க்காமல் அவர்களைப் பாருங்கள். எந்த நொடியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள், எப்போது போனை எடுத்தார்கள், எப்போது கை வாய்க்குப் போயிற்று என்று எழுதிக்கொள்ளுங்கள். முடிந்ததும் மூன்றே கேள்வி: இந்தப் படத்தில் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்? எந்த ஷாட் நினைவில் நிற்கிறது? எங்கே குழம்பினீர்கள்? அவர்கள் பதில் சொல்லும்போது குறுக்கே புகுந்து விளக்கம் கொடுக்காதீர்கள். இது பேயைவிடக் கஷ்டம்.

பாடத்துக்காக மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டியவர்களுக்கு இந்தக் குறிப்புகளே பாதி அறிக்கை. ‘எங்கள் இசை பயத்தை அதிகரிக்கிறது’ என்று எழுதினால் அதைப் படிப்பவர் என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்: ‘முதல் கட்டில் 0:56-இல் வரும் அடிக்கு ஆறு பேரில் ஒருவர்தான் அதிர்ந்தார். ரைசரை 0:54-இல் நிறுத்தி அடியை ஒரு நொடி தள்ளி வைத்தோம், இரண்டாவது தடவை வேறு ஆறு பேரில் நான்கு பேர் அதிர்ந்தார்கள்.’ எண்கள் உங்கள் சோதனையில் வந்தவையாக இருக்கட்டும், அதிர்ந்தவர் ஒருவர்கூட இல்லை என்றால் அதையும் அப்படியே எழுதுங்கள். திகில் வகையின் எந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டீர்கள், எதை வளைத்தீர்கள், எதை வேண்டுமென்றே உடைத்தீர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு ஷாட்டைக் காட்டுங்கள். இசை யாருடையது, பயன்படுத்த அனுமதி உண்டா என்பதும் அதிலேயே வந்துவிடட்டும். பிரபலமான பாட்டைப் போட்டிருந்தால் ஏற்றியவுடனேயே தளம் கண்டுபிடித்துவிடும், அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

கடைசியாக, எக்ஸ்போர்ட் பண்ணிய கோப்பை எங்கே திரையிடப்போகிறார்களோ அங்கேயே ஒரு தடவை போட்டுப் பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் ஆழ்ந்த கறுப்பாக இருந்தது, விளக்கு எரியும் அறையில் புரொஜெக்டரில் வெளிறிச் சாம்பலாகிவிடும். ஜன்னல் திரையை மூடச் சொல்லுங்கள், முடியாது என்றால் கான்ட்ராஸ்ட் கொஞ்சம் கூட்டி இன்னொரு பதிப்பு எடுத்து வையுங்கள். அப்புறம் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டு, 0:38-இல் நிற்கும் அந்த 10 ஃப்ரேம் பேய் அங்கிருந்து தெரிகிறதா என்று பாருங்கள்.